நாலு நாள், ஆறு பேர், ஒரு செட்டிநாட்டு வீடு: எந்தப் புத்தகங்களை எடுத்து வருவது?

கேள்வி இதுதான். கல்லூரித் தோழிகள் ஆறு பேர், டிசம்பர் கடைசி வாரத்தில் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டை நான்கு நாளைக்கு எடுத்திருக்கிறார்கள். ஊர் சுற்றும் எண்ணம் இல்லை. படிப்பது, சாப்பிடுவது, தூங்குவது, அவ்வளவுதான். குளிர்காலத்துக்கு இதமாக, மனசைக் கனக்க வைக்காத தமிழ்ப் புத்தகங்கள் வேண்டும். ஒருத்தி ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்கிறாள். இன்னொருத்திக்குத் துப்பறியும் கதைதான் வேண்டும். ஒருத்தி பத்து வருஷமாகப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. ஒருத்தி எட்டு வயது மகளோடு வருகிறாள். என்ன எடுத்து வரலாம், நாலு நாளில் எத்தனை படித்து முடிக்கலாம்?

நான் காரைக்குடிக்காரன். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரி வீடுகளில் விசேஷங்களுக்குப் போய்த் தங்கி, கூட்டத்துக்கு நடுவே ஒரு மூலையில் உட்கார்ந்து படித்த அனுபவம் நிறைய உண்டு. அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் ‘குளிர்காலம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் சரிசெய்துகொள்வோம். எங்கள் பக்கத்தில் டிசம்பர் ராத்திரியிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நீங்கள் கொண்டுவருகிற ஸ்வெட்டர் பெட்டியிலேயே கிடக்கும். கணப்பு அடுப்பு, ஜன்னலுக்கு வெளியே பனி என்று சினிமாவில் பார்த்ததை மனசில் வைத்துப் புத்தகம் பொறுக்கினால், பகல் பதினொரு மணிக்கு மின்விசிறியைப் போட்டுக்கொண்டு பனிப்புயல் கதை படிக்க வேண்டிவரும். எங்கள் மார்கழி வேறு மாதிரி. பருவமழையின் கடைசித் தூறல் மிச்சம் இருக்கும். விடியற்காலையில் பனி இறங்கும். ஐந்து மணிக்கு முன்பே கோயில் ஒலிபெருக்கி திருப்பாவையை ஆரம்பித்துவிடும். படுத்தபடியே கேட்கலாம், திட்டவும் திட்டலாம், நிறுத்த முடியாது. சாயங்காலம் ஆறரை மணிக்கெல்லாம் இருட்டு. காலை வைத்தால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் சில்லென்று இருக்கும். எங்கள் குளிர் இவ்வளவுதான்.

அதனால் போர்வையையும் தேநீரையும் நம்பி வராதீர்கள். இங்கே இதத்தைக் கொடுப்பது வீடு. அந்த வீட்டில் எங்கே, எந்த நேரத்தில் உட்காரப் போகிறீர்கள் என்று தெரிந்தால் புத்தகம் பாதி தேர்வானதுபோல.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இந்த வீடுகளில் அறைகள் இருட்டு. வளவு என்கிற நடு முற்றப் பகுதியைச் சுற்றி வரிசையாக இருக்கிற அறைகள் ஒவ்வொன்றும் கல்யாணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கு என்று ஒதுக்கியவை. அப்படி ஒரு குடும்பத்தைப் ‘புள்ளி’ என்று சொல்வோம். சாமானையும் பெட்டியையும் பூட்டி வைக்கத்தான் அவை அதிகம் பயன்பட்டன. ஜன்னல் சிறிது, சுவர் கனம். பகல் முழுக்க மனிதர்கள் இருந்தது வெளியே, முற்றத்தைச் சுற்றியுள்ள பத்தியிலும் பட்டாலை என்கிற கூடத்திலும்தான். இன்றைக்கு அந்த அறைக்குள் கட்டில் போட்டு, பழைய அழகு கெடக்கூடாது என்று மங்கலான மஞ்சள் பல்பும் மாட்டி, வாடகைக்கு விடுகிறார்கள். படத்தில் பார்க்க நன்றாக இருக்கும். அந்த வெளிச்சத்தில் பொடி எழுத்துப் புத்தகம் படித்தால் இரண்டாம் நாள் தலைவலி. மலிவுப் பதிப்புகளில் எழுத்து எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். வாங்குவதற்கு முன் ஒரு பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். கடைக்குள் கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். கிண்டில் வைத்திருப்பவர் ராத்திரிக்கு அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். எனக்கு அதன்மேல் கோபம் ஒன்றும் இல்லை.

படிக்கச் சரியான இடம் வளவுதான். காலை பத்திலிருந்து நாலு வரை முற்றத்து வெளிச்சம் கண்ணை உறுத்தாமல் பரவிக் கிடக்கும். தூணில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்ளலாம். தூண் பர்மாத் தேக்காகவோ கருங்கல்லாகவோ இருக்கும், சாய்ந்தால் ஒன்றும் ஆகாது. சுவரில் மட்டும் சாயாதீர்கள். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்து பளிங்கு மாதிரி இழைத்த பூச்சு அது. எண்ணெய்த் தலையை ஒரு மத்தியானம் சாய்த்தால் தடம் அப்படியே நிற்கும். சின்ன வயதில் இதற்காக ஆச்சிமார்களிடம் நான் வாங்கிய வசவு கொஞ்சம் இல்லை. சாய்ந்தே ஆக வேண்டும் என்றால் ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மழை வந்தால் நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் முற்றத்துக்குள் கொட்டும். அதைப் பார்த்துக்கொண்டே படிப்பதைவிடச் சுகம் வேறு இல்லை. ஆனால் புத்தகத்தைப் பத்தியின் ஓரத்தில் கவிழ்த்துவிட்டு எழுந்து போகக்கூடாது. உறவினர் வீட்டு அறுபதாம் கல்யாணச் சாந்திக்குப் போயிருந்தபோது, எங்கள் நூலகத்துப் புத்தகத்தையே அப்படி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். பந்தி முடிந்து வருவதற்குள் ஒரு சாரல் அடித்து, புத்தகம் ஊறிப் பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. மறுநாள் அலுவலகத்தில் எனக்கு நானே ரசீது போட்டுக்கொண்டேன்.

சரி, இதமான புத்தகம் என்றால் என்ன? நகைச்சுவைப் புத்தகம் என்றோ, சுபமாக முடிகிற கதை என்றோ நான் சொல்லமாட்டேன். என் அளவுகோல் வேறு. “வாங்க, பலகாரம் சூடா இருக்கு” என்று உள்ளேயிருந்து குரல் வந்தால் பாதி வரியில் மூடிவிட்டுப் போக முடிய வேண்டும். திரும்பி வந்தால் விட்ட இடம் தேடாமல் எந்தப் பக்கத்திலும் உட்கார முடிய வேண்டும். கடையில் நடுப்பக்கத்தைத் திறந்து இரண்டு பக்கம் படித்துப் பாருங்கள். யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாமலேயே சிரிப்போ ருசியோ தட்டுப்பட்டால் அது இந்தப் பயணத்துக்கு ஆகும். இன்னொன்றும் பார்ப்பேன். இதமான கதையில் சாவு வரலாம், அவமானம்தான் வரக்கூடாது. சாவு விழுந்த வீட்டிலும் மறுநாள் காலையில் யாரோ காபி போடுகிறார்கள். அவமானப்பட்டவனோடு வாசகர் ராத்திரி முழுக்க விழித்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

இந்த அளவுகோலில் எனக்கு முதலில் நிற்பது ஒரு நாவல்: ஜெயகாந்தனின் ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’. 1970களில் வந்தது. வளர்த்த தகப்பன் இறந்தபின், அவருடைய வீட்டைத் தேடி ஹென்றி என்கிற இளைஞன் ஒரு சின்னக் கிராமத்துக்கு வருகிறான். வீடு பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கிறார்கள், சுத்தம் செய்கிறார்கள், ஊர்க்காரர்கள் வந்து போகிறார்கள், பேசுகிறார்கள். பெரும்பாலும் இவ்வளவுதான் நடக்கிறது. சொத்துக்கு ஒருவன் வந்து நிற்கிறான் என்றால் சண்டை வரும் என்றுதானே நினைப்போம்? வருவதில்லை. ஜெயகாந்தன் என்றாலே உரத்த குரல் என்று நினைப்பவர்களுக்கு இந்த நாவல் ஆச்சரியமாக இருக்கும். அதைவிட முக்கியம், நீங்கள் தங்கப்போகிற தெருவில் இரண்டு பக்கமும் பூட்டிய வீடுகள். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள், காவலுக்கு ஒருவர் மட்டும் முகப்பில் படுத்திருப்பார். சாயங்காலம் நடந்துவிட்டு வந்து இந்த நாவலை எடுத்தால் அந்தப் பூட்டுகள் வேறு மாதிரி தெரியும். ஆறு பேரில் இரண்டு பேராவது இதைப் படியுங்கள், ராத்திரி பேச விஷயம் கிடைக்கும்.

அடுத்தது கதை அல்ல. உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1940 ஜனவரியிலிருந்து வாராவாரம் ஆனந்த விகடனில் வந்தது. 122 அத்தியாயம் ஆனபோது, 1942 ஏப்ரலில் அவர் காலமாகிவிட்டார், அப்படியே நிற்கிறது. வாரப் பத்திரிகைக்கு எழுதியதால் ஒவ்வொரு அத்தியாயமும் காபிக்கும் குளியலுக்கும் நடுவிலான இடைவெளிக்குச் சரியாக இருக்கும். பாடம் கேட்க ஊர் ஊராக அலைந்தது, சாப்பாட்டுக்குப் பட்ட பாடு, ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கடனில் தவித்தது, எல்லாம் உண்டு. ஆனாலும் மனிதர் ஓரிடத்திலும் கசந்துகொள்ளமாட்டார். முதலிலிருந்து படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கிற அத்தியாயத்தில் நுழையலாம். சாமிநாதையர் தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம் என்று பெருமையாகப் பட்டியல் சொல்கிறார். முதலியாரோ கொஞ்சமும் மசியவில்லை, சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியிலிருந்துதான் ஏழு வருஷம் கழித்துச் சீவக சிந்தாமணிப் பதிப்பு வந்தது, பின்னால் சங்க நூல்கள் வந்தன. படிக்கும்போது ஏதோ திண்ணைப் பேச்சு மாதிரிதான் இருக்கும்.

உள்ளூர்க்காரர் ஒருவரையும் சொல்லியாக வேண்டும். ஏ.கே. செட்டியார், கோட்டையூரில் 1911இல் பிறந்தவர். நீங்கள் ரயிலில் வந்தால் செட்டிநாடு ஸ்டேஷனுக்கும் காரைக்குடிக்கும் நடுவில் கோட்டையூர் வரும். 1937 அக்டோபர் 2ஆம் தேதி, காந்தியின் பிறந்தநாளன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகிற கப்பலில் இருந்தபோது, காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. உலகம் முழுக்க அலைந்து துண்டு துண்டாகக் கிடந்த சுருள்களைச் சேகரித்து 1940இல் அந்தப் படத்தை வெளியிட்டார். அவருடைய பயண எழுத்துகள் இந்த நாலு நாளுக்கு அளவெடுத்துத் தைத்தவை. ‘உலகம் சுற்றும் தமிழன்’ கிடைத்தால் எடுத்து வாருங்கள். சின்னச் சின்ன வாக்கியம். இவ்வளவு சுற்றிய மனிதர் தம்மைப் பற்றி அளந்துதான் பேசுவார். எங்கே சாப்பாடு கிடைத்தது, எந்த டிக்கெட் பரிசோதகர் என்ன சொன்னார் என்பதில் இருக்கிற அக்கறை புகழ்பெற்ற கட்டடங்களின்மேல் இருக்காது. உள்ளுக்குள் ஒரு குறும்பு ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது பயணம் எழுதுகிறவர்கள் பத்துப் பக்கத்துக்குள் தங்கள் மனசைத் திறந்து காட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் அலுப்பு, செட்டியார் பக்கமே சாய்கிறேன்.

அதே கோட்டையூர்க்காரர்தான் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் பழைய பேப்பர்காரரிடம் போட்டதை எல்லாம் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி இங்கேயே விட்டுவைத்தது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அப்படி வந்ததுதான். கேள்விக்கு இது நேரடியான பதில் இல்லை, தெரியும். ஆனால் வட்டிக்கடை ஊர் என்று மட்டும் நினைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வருவதில்லை.

பத்து வருஷமாகப் படிக்காத தோழிக்குத் தடித்த எதையும் கொடுத்துவிடாதீர்கள். மலையாள எழுத்தாளர் பஷீரின் ‘பாத்துமாவின் ஆடு’ தமிழில் கிடைக்கிறது. சின்னப் புத்தகம். எழுத்தாளர் ஓய்வெடுக்கலாம் என்று தம் வீட்டுக்கு வருகிறார். வீடு நிறையத் தம்பிகள், தங்கைகள், குழந்தைகள், கோழிகள், தீராத பணத்தட்டுப்பாடு. நடுவில் தங்கையின் ஆடு ஒன்று கண்டதையெல்லாம் தின்கிறது. பஷீர் எழுதிய புத்தகங்களையும் சேர்த்துத் தின்கிறது. ஓய்வுக்கு வந்த இடத்தில் ஓய்வு கிடைக்காத கதையை ஓய்வுக்கு வந்த இடத்தில் படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. கூட்டுக்குடும்பத்துக்காகக் கட்டின வீட்டில் அது இன்னும் நன்றாகவே கேட்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வளவுக்குப் பின்னால் இருக்கிற இரண்டாம் கட்டுக்குள் பாய் விரித்து அவர் கையில் இதைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள். என்ன படிக்கிறாய், எதுவரைக்கும் ஆச்சு என்று கேட்காதீர்கள். நூலகத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அதுதான்.

நிஜமான குளிரைப் படிக்கத்தான் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் அசோகமித்திரனின் ‘ஒற்றன்!’ இருக்கிறது. அமெரிக்காவில் ஐயோவா நகரத்தில் பல நாட்டு எழுத்தாளர்களோடு தங்கியிருந்த அனுபவம். வெளியே உறைகிற குளிர், உள்ளே ஒருவரையொருவர் சரியாகப் புரிந்துகொள்ளாத நல்ல மனிதர்கள். ஒவ்வொரு அத்தியாயமும் தனிக் கதை மாதிரி நிற்கும். அசோகமித்திரனின் மற்ற நாவல்களை வைத்துத் தயங்கவேண்டாம், இதில் வாய்விட்டுச் சிரிக்கலாம்.

இனி ‘பொன்னியின் செல்வன்’. உங்கள் தோழி கோபித்துக்கொள்ளக்கூடாது. அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். நல்ல புத்தகம் இல்லை என்பதல்ல. 1950இல் ஆரம்பித்து மூன்றரை வருஷம் வாராவாரம் வந்த தொடர் அது. அடுத்த வாரம் வரை வாசகரை நகம் கடிக்க வைப்பதற்காகவே ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி வரியையும் கல்கி எழுதியிருக்கிறார். அதைக் கையில் எடுத்தவர் கூப்பிட்டால் வரமாட்டார். பலகாரம் ஆறும், பேச்சு நடக்கும், அவர் மட்டும் கடம்பூர் மாளிகையில் இருப்பார். நாலு நாள் முடியும்போது இரண்டாம் பாகத்தின் நடுவில் நிற்பார், முகம் தொங்கிப்போகும். அதுவும் போக, ஆடிப்பெருக்கன்று வீராணத்து ஏரிக்கரையில் தொடங்குகிற கதையை மார்கழியில் எடுப்பானேன்? ஆடியில் எடுக்கட்டும்.

கண்ணதாசனின் சிறுகூடல்பட்டி பக்கத்தில்தானே, ‘வனவாசம்’ கொண்டுவரலாமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். மனிதர் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியிருக்கிறார், அதனாலேயே இதமாக இருக்காது.

துப்பறியும் கதைக்கு எழுத்தாளர் தேவன் இருக்கும்போது வேறு யோசனை எதற்கு? துப்பறியும் சாம்பு மாதிரி ஒரு துப்பறிவாளர் உலகத்தில் வேறெங்கும் இருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். ஒன்றும் தெரியாமல் திருதிருவென்று விழிப்பார், எதிலாவது தடுக்கி விழுவார், விழுந்த இடத்தில் குற்றவாளி இருப்பான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதைப் பெரிய மூளை என்று நம்புவார். இந்தக் கதைகளைத் தனியாகப் படிப்பதைவிட ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் சத்தமாகப் படித்து மற்றவர்கள் கேட்பது உத்தமம். வளவில் குரல் கொஞ்சம் எதிரொலிக்கும், நன்றாக இருக்கும். உள்ளூர்ச் சரக்குதான் வேண்டும் என்றால் தமிழ்வாணன் தேவகோட்டைக்காரர். அவருடைய சங்கர்லால், என்ன நெருக்கடியிலும் தேநீரை விடாதவர். பழைய பதிப்பு ஒன்று கிடைத்தால் அட்டைக்காகவே எடுத்து வரலாம். அகதா கிறிஸ்டியின் மொழிபெயர்ப்புகளும் கிடைக்கின்றன. ஆனால் ஒரு பெரிய வீடு, உள்ளே அடைபட்ட சில பேர், ஒவ்வொருவராகச் சாகிறார்கள் என்ற கதையை, முப்பது நாற்பது அறையில் முக்கால்வாசி பூட்டிக் கிடக்கிற வீட்டில் ராத்திரி படித்துவிட்டு மூன்றாம் கட்டுக்குக் கை கழுவத் தனியாகப் போவது உங்கள் தைரியத்தைப் பொறுத்தது.

எட்டு வயதுக் குழந்தைக்கு அழ. வள்ளியப்பா. 1922இல் இராயவரத்தில் பிறந்தவர், அதுவும் செட்டிநாட்டு ஊர்தான். ‘மலரும் உள்ளம்’ பாட்டுகளைப் பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், இரண்டு தடவை சத்தமாகப் படித்தால் குழந்தை மூன்றாம் தடவை தானே முடித்துவிடும். ஆனால் நாலு நாளும் குழந்தை படித்துக்கொண்டே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு காலை நேரம் ஆத்தங்குடிக்குக் கூட்டிப்போய், கல் போடுவதைக் காட்டுங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, கட்டங்களுக்குள் வண்ணக் குழம்பை ஊற்றி, அதன்மேல் சிமென்ட்டும் மணலும் போட்டு அழுத்துவார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பதுதான். கண்ணாடி பட்ட பக்கம்தான் பளபளப்பான மேல்பக்கம். பாட்டுப் புத்தகத்தைவிட அதுதான் நினைவில் நிற்கும், வள்ளியப்பாவே கோபித்துக்கொள்ளமாட்டார்.

இதத்துக்குள் அடங்காத ஒரு புத்தகத்தையும் சொல்லிவிடுகிறேன், யாராவது ஒருவர் பையின் அடியில் போட்டு வாருங்கள். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. சிங்காரம் இங்கே பக்கத்துச் சிங்கம்புணரிக்காரர். 1938இல் பதினெட்டு வயதில் கப்பலேறி, இந்தோனேசியாவின் மெடானில் ஒரு வட்டிக்கடைக்கு வேலைக்குப் போனவர். நாவல் மெடானிலும் பினாங்கிலும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நடக்கிறது. நீங்கள் சாய்ந்து படித்த தேக்குத் தூண் எந்தப் பணத்தில் வந்தது, அந்தப் பணத்தைக் கணக்கெழுதிக் காத்த கடைச் சிப்பந்திகளான அடுத்தாட்களும் பெட்டியடிப் பையன்களும் எப்படி வாழ்ந்தார்கள், ஜப்பான்காரன் வந்தபோது என்ன ஆனது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடத்தியவர்கள் 1942ஐ ஒட்டி இழந்ததை இழந்தபின் இப்படிப்பட்ட வீடுகள் இங்கே புதிதாக எழும்பவில்லை. முதல் நாளே எடுத்தால் மற்ற புத்தகம் எதுவும் ஓடாது. கடைசி ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அல்லது தொடாமலே திரும்பக் கொண்டுபோய், ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை படியுங்கள். வீட்டைப் பார்த்த கண்ணோடு படிக்கிறீர்கள் அல்லவா, அது போதும்.

விடியற்காலை ஒலிபெருக்கியைப் பற்றிச் சொன்னேன். அதை எதிரியாக நினைக்காமல் ஒரு திருப்பாவைச் சின்னப் புத்தகமும் வைத்துக்கொள்ளலாம். முப்பது பாட்டு, நாளைக்கு ஒன்று. ஆறாம் பாட்டிலிருந்து பதினைந்தாம் பாட்டு வரை, முன்னாலேயே எழுந்த பெண்கள் இன்னும் தூங்குகிற தோழிகளை வீடு வீடாகப் போய் எழுப்புகிறார்கள். கெஞ்சல், கிண்டல், சண்டை எல்லாம் உண்டு. பதினைந்தாம் பாட்டில் உள்ளே படுத்திருக்கிறவள் பதிலுக்குப் பதில் பேசுகிறாள். மார்கழி முதல் தேதி டிசம்பர் 16ஐ ஒட்டி வருவதால், நீங்கள் இங்கே இருக்கிற நாட்களில் இந்தப் பாட்டுகள்தான் ஓடும். ஆறு தோழிகளுக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் எழுதிவிட முடியாது.

எத்தனை எடுத்து வருவது? ஆளுக்கு இரண்டு. ஒன்று உங்களுக்குப் பிடித்தது, இன்னொன்று பட்டாலையில் பொதுவாகப் போட்டுவைக்க. அந்தப் பொதுக் குவியல்தான் முக்கியம், நீங்கள் கடைசியில் படிக்கப்போவது பெரும்பாலும் அடுத்தவர் கொண்டுவந்த புத்தகத்தைத்தான். “எல்லாரும் படிச்சே ஆகணும்” என்ற பட்டியல் புத்தகங்களை, விருது வாங்கியது என்பதற்காக வாங்கி மூன்று வருஷமாகப் படிக்காமல் வைத்திருப்பதை, தயவுசெய்து எடுத்து வராதீர்கள். நானும் ஒரு பொங்கலுக்கு அப்படி ஒரு கனமான மொழிபெயர்ப்பைத் தூக்கிப் போனேன். ஐந்து நாளும் தலைமாட்டிலேயே இருந்தது. அதைப் படிக்காத குற்றவுணர்ச்சியில் வேறு எதையும் படிக்கவில்லை.

சில்லறை விஷயங்கள்: அட்டைக்குச் செய்தித்தாள் போட்டுக்கொள்ளுங்கள். சீயம், பணியாரம் தின்ற கையோடு பக்கம் புரட்டினால் எண்ணெய்த் தடம் தலைமுறைக்கும் நிற்கும், அதனால் படிக்கிற நேரத்துக்குத் தேன்குழல், சீப்புச் சீடை என்று உலர்ந்த பலகாரமாகக் கேளுங்கள். கவுனி அரிசியைச் சாப்பாட்டு வேளைக்கு வைத்துக்கொள்ளலாம். கொசுவத்தி மறக்க வேண்டாம். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள் வாக்கில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் பிள்ளையார் நோன்பு வரும். உங்கள் தேதிக்குள் விழுந்து, பக்கத்து வீட்டு ஆச்சி யாராவது இழை எடுக்கக் கூப்பிட்டால், புத்தகத்தை மூடிவிட்டுப் போங்கள். மாவுக்குள் நெய்யில் தோய்ந்த திரி எரிந்துகொண்டிருக்கும், சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். எந்தப் புத்தகத்திலும் அது கிடைக்காது.

ஊர் சுற்றும் எண்ணம் இல்லை என்றீர்கள், நல்லது. மனசு மாறினால் புதுக்கோட்டையில் ஞானாலயா இருக்கிறது, ஒரு ஆசிரியத் தம்பதி சொந்தக் காசில் சேர்த்த, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் கொண்ட நூலகம். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். ஆனால் போனால் அந்த நாள் போய்விடும், மறுபடியும் வளவுக்குத் திரும்பப் பொழுதாகிவிடும்.

கடைசியாக, நாலு நாளில் எத்தனை முடிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். என் அனுபவத்தில் ஒன்றரை. மீதி அரையைத் திரும்பிப் போகிற ரயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பல்லவன் காரைக்குடியிலிருந்து விடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடும், புதுக்கோட்டை வரைக்கும் ஜன்னலில் வெளிச்சம் இருக்காது. அன்றைக்கு எழுந்திருக்க அலாரம் வைக்க வேண்டாம், அதற்குத்தான் ஒலிபெருக்கி இருக்கிறதே.